கண்ணாடி ஏற்றிய கார்

பொழுது சாய்ந்தால் பொங்கியண்ணன் வாசலில் நிற்கும் காருக்குள் போய் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரே கேசட்டைக் கேட்பார். மூன்று வருடத்துக்கு முன் காலேஜ் பிள்ளைகள் ஆடித் தீர்த்த பாப் பாட்டு.

நாச்சியம்மாளுக்கு வயிறு எரிந்தது. கேசட் அட்டையில் ஒருத்தி முடியை விரித்துப்போட்டுச் சிரித்தாள். கட்டியவள் பேச்சை இந்த மனுஷன் ஒருநாளாவது இப்படிக் கண்மூடிக் கேட்டதுண்டா?

அன்று அவளும் காருக்குள் ஏறிக்கொண்டாள்.

"ஏனுங்க, பேரன் எடுக்கற வயசுல இந்தச் சிங்காரி கேக்குதுங்களா? ஊட்டுல டேப்பு இல்லீங்களா? அதென்ன காருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு?"

"அவளை யாரு கேட்டா? பின்னால கூடப் பாடற புள்ளையக் கேளு அம்மணி."

நாச்சியம்மாள் வேண்டாவெறுப்பாகக் காதைக் கொடுத்தாள். மறுநொடி சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு மெட்ராஸ் போன மகள் சண்முகப்பிரியாவின் குரல்!

"அவ குரலே இந்த ஊட்டுக்குள்ள கேக்கக்கூடாதுன்னு சொன்னீங்களேங்க?"

"ஊட்டுக்குள்ளயா கேக்குது?" என்றபடி பொங்கியண்ணன் கேசட்டை முதலுக்குத் திருப்பிச் சுற்றினார். "உம்பக்கத்துக் கண்ணாடிய நல்லா ஏத்து."