அக்காவுக்குப் பிடிக்காது

“நான் அக்காவை நேர்ல பார்க்கணும் சார்.”

மீட்டிங் அறையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. டீம் தலைவர் கையிலிருந்த பேனா மூடி நழுவி, மேஜையில் உருண்டு, கீழே விழுந்து எங்கோ ஓடிப்போனது. குனிந்து எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பக்கத்து நாற்காலிக் கண்ணாடிக்காரி, மேஜைக்கு அடியில், அப்படிக் கேட்டவளின் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். இவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே காதில் ஓதியவள் அவள்தான். “இங்க என்ன வேணா கேளுடி. லீவு கேளு, சண்டை போடு. அக்காவைப் பார்க்கணும்னு மட்டும் வாயைத் திறந்துடாதே.”

ஏன் என்பது அன்று சாயங்காலமே இவளுக்குப் புரிந்துபோயிற்று. புரிந்தும் ஒரு வருஷத்துக்கு மேல் வாயைப் பூட்டிக்கொண்டு இருந்தாளே, அதுதான் அதிசயம்.

சண்டை ஒரு பட்டனைப் பற்றியது. போன் திரையில் எது எங்கே இருக்க வேண்டும், அதில் என்ன எழுத வேண்டும் என்று தீர்மானிப்பது இவர்கள் தொழில். இப்போது கையில் இருப்பது டாக்டரைப் பார்க்க நேரம் குறிக்கும் செயலி. திங்கட்கிழமை ஜனங்கள் கைக்குப் போகிறது.

அதில் தேதியைத் தவறாக அமுக்கிவிட்டால் அவ்வளவுதான், பேரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அடித்துத் தொலைக்க வேண்டும். இவள் திரையின் அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு, தேதியை மட்டும் திருத்த ஒரு பட்டன் வைத்து, ‘தப்பா அமுக்கிட்டேன்’ என்று எழுதியிருந்தாள். தலைவர் பார்த்தார். “எடுத்துடும்மா, அக்காவுக்குப் பிடிக்காது” என்றார்.

அக்காவுக்குப் பிடிக்காது என்றால் அந்த அலுவலகத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சுவரில் கடிகாரத்துக்கும் மேலே அக்காவின் படம். அக்காவின் பெரிய பையனுக்குக் கணக்கு வராது, சின்னவளுக்கு வீசிங், வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை என்பதெல்லாம் எல்லாருக்கும் அத்துபடி.

அக்காவின் பிறந்தநாளுக்கு இங்கே கேக் வெட்டுவார்கள். போன வருஷக் கேக்கில் நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தது. இந்த வருஷமும் அதே நாற்பத்திரண்டு. “அக்காவுக்கு வயசே ஏறாது” என்று சொல்லிக்கொண்டே எதிர் நாற்காலித் தாடிக்காரன் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

தலைவர் ஒருவழியாகத் தொண்டையைக் கனைத்தார். “இதுக்குப் போய் அக்காவை எதுக்கும்மா இழுக்கறே?”

“பட்டன் பிடிக்கலைன்னு அவங்க வாயாலேயே சொல்லட்டுமே.”

“அக்கா நிதானமான ஆளும்மா. ஒவ்வொரு வரியாப் படிச்சுட்டுத்தான் அமுக்குவாங்க. தப்பாவே அமுக்க மாட்டாங்க. இப்படி ஒரு பட்டனை வெச்சா அவங்களை மக்குன்னு சொல்ற மாதிரி ஆயிடும்.”

“தப்பே பண்ணாம இருந்தா அது தெய்வம் சார். தெய்வத்துக்கு எதுக்கு டாக்டரு?”

கண்ணாடிக்காரி சிரிப்பை இருமலாக மாற்றினாள். தாடிக்காரனால் சும்மா இருக்க முடியவில்லை. “அக்காவுக்கே சவால் விடற தங்கச்சியை இப்பத்தான்ப்பா பார்க்கறேன்.”

“நீ அண்ணனா லட்சணமா கேக்கைத் தின்னுட்டுப் பேசாம இரு.”

இவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். அதனால் வீட்டில் யார் போனில் எதைத் தப்பாக அமுக்கினாலும் பஞ்சாயத்து இவளிடம் வரும். போன மாதம் வேறு ஏதோ செயலியில் அம்மா தேதியை மாற்றி அமுக்கிவிட்டாள். வீங்கின முழங்காலோடு ஆஸ்பத்திரி வரைக்கும் போய், உங்கள் நாள் இன்றில்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

“நான்தான் மக்கு” என்று அம்மா சிரித்த சிரிப்பு இவளுக்கு இன்னும் செரிக்கவில்லை. திங்கட்கிழமை முதல் இன்னும் எத்தனை பேர் அப்படிச் சிரிக்க வேண்டுமோ!

தலைவர் கடைசியாகச் சொன்னார். “பட்டனை நீயே எடுத்துடு. இல்லேன்னா வேற ஆளை வெச்சு எடுக்கச் சொல்லிட்டு, உன்னை வேற வேலைக்கு மாத்திடுவேன்.”

“அக்கா வரட்டும் சார். போனை அவங்க கையில குடுப்போம். நாம யாரும் வாயைத் திறக்கக் கூடாது, கையைக் காட்டக் கூடாது. அவங்க ஒரு இடத்துலகூடத் தடுமாறாம நேரம் குறிச்சுட்டா, பட்டனையும் எடுத்துடறேன், என் பையையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறேன்.”

தலைவர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். தாடிக்காரன் மின்விசிறியைப் பார்த்தான்.

“அக்கா வர மாட்டாங்க.” தலைவரின் சுருதி இறங்கிவிட்டது. “அது உனக்கே தெரியும்.”

“நல்லாத் தெரியும் சார்.”

என்ன செய்வது என்று அறைக்குள் வரும்போதே முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். பட்டனோடு இருந்த போனை எடுத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“ஏய், எங்கேடி கிளம்பிட்டே?” என்று கண்ணாடிக்காரி பதறினாள்.

தெரு இரைச்சல் உள்ளே வரும்படி கதவை அகலமாகத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்தபடி இவள் திரும்பினாள்.

“நீங்க மூணு பேரும் இந்த மேஜையில உட்கார்ந்து, போனை அமுக்கறவங்க இப்படித்தான் இருப்பாங்கன்னு கற்பனையில பெத்த அக்கா எப்படிடி வருவா? நான் போய், நிஜமாவே ஒரு அம்மா பெத்த அக்காவாப் பார்த்துக் கூட்டிட்டு வரேன்!”