நான்காவது மாப்பிள்ளை

"வேலை, படிப்பு, குடும்பம் ஒண்டும் கதைக்கிறேல்லை. இண்டைக்கு முழுக்க ரெயில் பாக்கிறம், படம் எடுக்கிறம். அவ்வளவுதான். சம்மதமோ?"

ஜேர்மனியின் ஹாலே ரயில் நிலையத்தில், ஹம்பேர்க் வண்டியை விட்டு இறங்கியவனை மேடையிலேயே மறித்துக் கேட்டாள் ஆரணி. அந்த வண்டியில் வந்த ஒரே தமிழ் முகம் அவனுடையதுதான். "தமிழோ? ஹம்பேர்க்கில இருந்தோ?" என்று அவள் கேட்ட இரண்டுக்கும் "ஓம்" என்றிருந்தான்.

இப்போது ஒரு கணம் விழித்தான். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "அதைவிட வேற என்ன வேணும்?" என்றான்.

'பாப்பம், எத்தினை மணி வரைக்கும் எண்டு' என்று நினைத்தபடி முன்னால் நடந்தாள் ஆரணி.

அவளுக்கு வயது இருபத்தொன்பது. ரயில் என்றால் பைத்தியம். டோர்ட்முண்டில் இருக்கும் அம்மா மாப்பிள்ளை பார்த்து அனுப்ப அனுப்ப, வருகிறவர்களை எல்லாம் தண்டவாளத்து ஓரம் கூட்டிக்கொண்டு போவாள். முதலாமவருக்குப் பத்து மணிக்கே தலையிடி வந்துவிட்டது. இரண்டாமவர் சப்பாத்தில் சேறு பட்டதோடு திரும்பிவிட்டார். மூன்றாமவர் கடைசி வரை நின்று, "கலியாணத்துக்குப் பிறகு இதெல்லாம் விட்டிடுவீர்தானே?" என்று கேட்டார்.

அதனால் இம்முறை அம்மா அனுப்பிய படத்தையும் விபரத்தையும் அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை; ஹம்பேர்க்கில் இருந்து காலையில் வருகிறார் என்பது மட்டும் தெரியும். "இதோட சரி, அம்மா. இதுவும் சரிவராட்டி இனிமேல் கலியாணக் கதையே எடுக்கக்கூடாது. பின்னேரம் முடிவு சொல்லுறன்" என்றுவிட்டுக் கைபேசியை அணைத்துப் பையின் அடியில் போட்டிருந்தாள்.

சரக்கு வண்டிகள் பிரிக்கும் இடத்துக்கு மேலே போகும் பாலத்தில் ஏறியதும் அவன் பையைத் திறந்தான். உள்ளே முழங்கை நீள வில்லையோடு ஒரு பெரிய கமரா.

'ஓகோ! அம்மா எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கிறா. ஆள் ஆயத்தமாத்தான் வந்திருக்கிறார்' என்று எண்ணிக்கொண்டாள்.

திடீரென்று அவன் கையை உயர்த்தினான். "நில்லுங்கோ! சத்தம் கேக்குதோ?"

தூரத்தில், தொண்டை கட்டிய யானை உறுமுவதுபோல ஒரு சத்தம்.

"லுட்மில்லா!" இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பழைய சோவியத் டீசல் எஞ்சினுக்கு இந்த ஊர் ரயில்பித்தர்கள் வைத்த செல்லப்பெயர் அது. கரும்புகை கக்கிக்கொண்டு அது பாலத்தின் கீழே நுழைந்தபோது ஆரணி கண்ணில் தண்ணீர் வர இருமினாள். அவனும் இருமினான். இருமல் முடிந்து நிமிர்ந்து பார்த்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இந்தப் பெயர் அம்மாவுக்குத் தெரியாதே என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அவள் நேரம் பார்க்கவில்லை.

அங்கிருந்து தெற்கே போனார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் மஞ்சள் பூத்த கடுகு வயல். மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லாத சமவெளி. காற்று ஆளைத் தள்ளியது. எண்ணெய்த் தாங்கி வண்டி ஒன்று வந்தது.

"நாப்பத்தொரு பெட்டி!" என்றாள்.

"நாப்பத்திரண்டு. நீங்கள் கண் சிமிட்டினதில ஒண்டு தவறிப் போட்டுது."

"நான் ரெயில் வரேக்கை கண் சிமிட்டுறேல்லை!"

எஞ்சின் ஓட்டுநர் இவர்களைக் கண்டு ஊதல் அடித்தார். இரண்டு பேரும் கைகளை வீசிக்கொண்டு குழந்தைகள்போலத் துள்ளினார்கள்.

மழை பிடித்தது. புல்வெளிக்கு மேலாகப் போகும் நீளமான பாலத்தில் வெள்ளை நிற அதிவேக வண்டி பறந்து வர, அதைப் படம் பிடிக்க ஓடியவன் சறுக்கி முழங்கால்வரை சேற்றில் இறங்கினான். கமரா மட்டும் தலைக்கு மேலே நின்றது.

"ஐயோ, அடி பட்டுட்டுதோ?"

"அதை விடுங்கோ, படம் வந்திட்டுது!"

அவனை இழுத்து எடுக்கப் போய் அவளும் சேற்றில் விழுந்தாள். எழும்பப் பார்த்தாள், சிரிப்பில் ஏலாமல் போனது. அப்படியே இருந்துகொண்டு, அவள் கட்டிவந்த ரோல்சைப் பாதி பாதியாகச் சாப்பிட்டார்கள்.

"என்னை எல்லாரும் ரெயில் விசர் எண்டுதான் சொல்லுறவை" என்றான் அவன்.

"என்னையும்தான்."

பிறகு ஆரணி மெல்லக் கேட்டாள்: "அடுத்த சனியும் வருவீங்களோ?"

"நீங்கள் வாங்கோ எண்டால் ஒவ்வொரு சனியும் வாறன்."

ஐந்து மணிக்கு, ஊர்ப்புறத்துச் சின்ன நிலையம் ஒன்றில் திரும்பும் வண்டிக்காகக் காத்து நின்றபோது, ஆரணி கொஞ்சம் தள்ளிப் போய்க் கைபேசியை உயிர்ப்பித்தாள். அம்மா பதினேழு தடவை எடுத்திருந்தா. உடனே அழைத்தாள்.

"அம்மா, எனக்குச் சம்மதம்! நூறு தரம் சம்மதம்! கட்டினால் இவரைத்தான் கட்டுவன்!"

மறுமுனையில் அம்மா வெடித்தா.

"ஆரையடி கட்டப்போறாய்? அந்தப் பெடியன் காரில வந்து, ஸ்டேஷன் வாசலில ரெண்டு மணித்தியாலம் காத்து நிண்டிட்டு, நீ வரேல்லை எண்டு கோவிச்சுக்கொண்டு மத்தியானமே திரும்பிப் போட்டான்!"

ஆரணி மெதுவாகத் திரும்பினாள். சேறு காய்ந்த காற்சட்டையோடு, அவளுக்காக இரண்டு கோப்பை கோப்பி வாங்கிக்கொண்டு அவன் வந்துகொண்டிருந்தான்.

"நீங்கள்... ஆர்?"

"நானோ? ரெயில் படம் எடுக்க வந்தனான்" என்று கோப்பையை நீட்டினான் அவன். "நீங்கள் ஆர் எண்டுதான் நானும் காலமை தொடக்கம் யோசிக்கிறன்!"