அம்மாவின் ஓட்டு

புருஷன் வீட்டில் அடி தாங்காமல் சுடர்க்கொடி தென்காசிக்குத் திரும்பி வந்து பத்து நாளாகியிருந்தது. "ஏட்டி, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று அம்மா இசக்கியம்மாள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மனசு மாறட்டும் என்று அன்று மகளைப் படத்துக்கு அழைத்துப் போனாள்.

இப்போதெல்லாம் படத்தின் முடிவைக் கொட்டகையில் இருப்பவர்கள்தான் சொல்கிறார்கள்; கூடுதல் குரல் எந்தப் பக்கமோ, படம் அப்படியே முடியும். அடித்து விரட்டிய கணவன் வாசலில் வந்து நின்று கூப்பிட, இடுப்பில் பிள்ளையோடு நின்ற கதாநாயகி திரையிலிருந்து ஜனங்கள் பக்கம் திரும்பினாள்.

"நான் போகட்டுமா?"

"பிள்ளைக்காகப் போம்மா!" என்று நாலா பக்கமும் குரல்கள் எழுந்தன. சுடர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

சட்டென்று அம்மா எழுந்து நின்றாள்.

"போவாத தாயீ! நானும் பிள்ளைக்காகத்தான் முப்பது வருசம் பொறுத்துக் கெடந்தேன். ஒரு நாள் நிம்மதியா சோறு தின்னதில்ல!"

பின்வரிசையில் ஒருத்தி, "போவாத!" என்று எழுந்தாள். அப்புறம் இன்னும் பல பெண்கள். திரையில் கதாநாயகி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அம்மா உட்கார்ந்தாள். சுடர்க்கொடி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, காலைல போயி அவன் வீட்டுலருந்து ஒன் சாமானையெல்லாம் எடுத்துட்டு வந்துருவோம்" என்றாள் அம்மா. "நானும் வாரேன்."