நாற்பத்தாறுக்கு ஒன்று

“மௌத்தான மனிசன் எப்பிடித் தம்பி வோட்டுப் போடுவார்? சொல்லு!”

குறிஞ்சிப்பிட்டியில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கும் ஸப்ரான், கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். வாசலில் ஹவ்வா நின்றாள். வெயிலில் நடந்து வந்த முகம் கனன்றுகொண்டிருந்தது.

“கோவப்படாதீங்க ராத்தா. கதிரையில இருங்க.”

“இருக்க வரல்ல. அவர்ட வோட்டக் களவெடுத்தவன் ஆரெண்டு கேட்க வந்தன்!”

அந்தக் கரையின் மீனவர் கூட்டுக்குத் தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை. பழைய சங்கத்தில் இரண்டு பேர் மட்டும் கூடிக் கரையைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டதில் வெறுத்துப்போன நாற்பத்தேழு படகுக்காரர்களும், எல்லா முடிவையும் ஃபோன் வோட்டுக்கு மாற்றியிருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பது பெயரோடு எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை போட்ட வோட்டை எவராலும் அழிக்க முடியாது. இதையெல்லாம் அமைத்துக் கொடுத்தவன் ஸப்ரான்தான்.

அந்த நாற்பத்தேழு பேரில் ஒருவர் ஹவ்வாவின் கணவர் முத்தலிபு. பதினான்கு மாதங்களுக்கு முன் தனியாகக் கடலுக்குப் போனார். படகின் உடைந்த பாதி மட்டும் கரை ஒதுங்கியது. அவர் மௌத்தாகிவிட்டார், இனி உயிரோடு இல்லை என்று பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகையும் நடந்து முடிந்தது.

அவர் படகு ஏற்றிய இடமும் அதை ஒட்டி அவர் மீன் உலர்த்திய குடிலான வாடியும் தன் பேருக்கு வந்தால் கருவாடு போட்டாவது பிழைக்கலாம் என்று ஹவ்வா கூட்டிடம் கேட்டிருந்தாள். கரையில் ஓர் இடம் கைமாற வேண்டுமானால் ஒருவர்கூட எதிர்க்கக் கூடாது என்பது கூட்டின் சட்டம். இன்று காலை முடிவு வந்தது. ‘ஆம்’ நாற்பத்தாறு. ‘இல்லை’ ஒன்று.

அந்த ஒன்று முத்தலிபின் பேரில் விழுந்திருந்தது.

“நாலு மாசம் பத்து நாள் வீட்டு வாசல் தாண்டாம அவருக்காக இத்தா இருந்தன். அந்த மனிசன எழுப்பிக்கொண்டு வந்து எனக்கெதிரா வோட்டுப் போட வச்சிரிக்கான் ஒருத்தன்! இருந்த காலத்துல என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னவரா அவர்?”

கடையின் ஓரத்தில், பற்றரி மாற்றுவதற்காக வந்திருந்த ஜௌபர் மெல்ல எழுந்தார். முத்தலிபின் வாடிக்கு அடுத்த வாடி அவருடையது. ஹவ்வா அவர் பக்கம் திரும்பினாள்.

“எங்க போறீங்க ஜௌபர் நானா? அந்த எடத்துல கண் வச்சவர் நீங்கதானே?”

“வல்லாஹி, நான் ‘ஆம்’ எண்டுதான் போட்டன்! ஸப்ரான், காட்டு அவங்களுக்கு!”

“உங்கட வோட்டுல ஆம், அவர்ட வோட்டுல இல்ல. நல்ல வேல! ஒரு பொம்புளயிட சோத்துல மண்ணள்ளிப் போட வெக்கமில்லையா?”

ஹவ்வா மறுபடி ஸப்ரானைப் பிடித்தாள்.

“அப்ப நீதான். செஞ்சவன் நீ. சாவியும் உன்ட கையிலதான் இரிக்கும்.”

“என்ட கையில ஒண்டுமில்ல ராத்தா. ஒவ்வொருத்தருக்கும் ரகசியச் சாவியா பன்னிரண்டு சொல்லு குடுத்திரிக்கி. அது தெரிஞ்சா உலகத்துல எந்த மூலையிலயிருந்தும், எந்த ஃபோனுலயும் போடலாம். தெரியாட்டி நானும் போட ஏலாது.”

“அவர்ட ஃபோனும் அவரோட போயிட்டு. வீட்டுல இருந்ததே அந்த ஒண்டுதான்.”

“ஃபோன் தேவையில்ல. அந்தச் சொல்லுகள எங்கயாவது எழுதி வச்சிருப்பார். அந்தக் கொப்பி ஆர்ட கையில சிக்கிச்சோ, அவன்தான் கள்ளன்.”

“எந்தக் கொப்பி? எழுதி வைங்க எண்டு எத்தின தரம் சொன்னன்! எழுதினாக் களவு போயிடும் எண்டு, ராவும் பகலும் ஓதி ஓதிப் பாடமாக்கினார். எனக்கும் சொல்லல்ல. மகளுக்கும் சொல்லல்ல. அது அவர்ட தலைக்குள்ள மட்டும்தான்...”

சொல்லிக்கொண்டு வந்தவள் சட்டென்று நின்றாள்.

ஜௌபர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“ராத்தா,” என்றான் ஸப்ரான். “வோட்டுக்கு விட்ட கேள்விய நீங்க வாசிச்சீங்களா?”

அவள் இல்லையென்று தலையசைத்தாள். அவன் கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

‘உறுப்பினர் முத்தலிபு மௌத்தாகிவிட்டார் என்பதை ஏற்று, அவரது இடத்தை மனைவி ஹவ்வாவின் பேருக்கு மாற்றலாமா?’

ஊரே ‘ஆம்’ என்றிருந்தது. நேற்றுப் பின்னேரம், எங்கிருந்தோ, முத்தலிபு மட்டும் ‘இல்லை’ என்றிருந்தார்.