இறங்கக் கூடாத ஒன்பது நிமிடங்கள்

பாளையங்கோட்டை சிக்னலில், ஆசிரியை செண்பகவல்லியின் கார் முன்னால் நின்ற காரை லேசாக இடித்துவிட்டது. தவறு யாருடையது என்று இரண்டு கார்களும் தங்களுக்குள் பேசத் தொடங்கின.

"ஒன்பது நிமிடம் ஆகும். அதற்குள் நீங்கள் இறங்கினால் தவறை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும்" என்றது அவள் கார்.

ஏற்கெனவே அவள் பெயரில் ஒரு தவறு பதிவாகியிருந்தது. இன்னொன்று விழுந்தால் ஆறு மாதம் தன் காரிலேயே அவள் ஏற முடியாது. பள்ளிக்கூடமோ முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

முன் காரில் ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"அந்தப் பிள்ளைக்கு அடிபட்டிருக்கா?"

"காயம் எதுவும் இல்லை."

"பெறவு எதுக்கு அழுதுக்கிட்டிருக்கு?"

"அது விபத்தில் சேராது."

செண்பகவல்லி கதவைத் திறந்து இறங்கிப் போய் அந்தக் காரின் கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி இறங்கியது.

"என்னம்மா, எங்கயும் வலிக்கா?"

"இல்லக்கா. நேத்துதான் எங்கம்மாவ எரிச்சோம். இன்னைக்கே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. காலைல இருந்து அழுதுக்கிட்டுத்தான் வாரேன். இப்பதான் ஒரு ஆளு என்னன்னு கேட்டிருக்கீங்க."

பின்னாலிருந்து அவள் கார் அறிவித்தது: "முன் கார்தான் திடீரென்று நின்றது. ஆனால் நீங்கள் இறங்கிவிட்டதால் தவறு உங்களுடையது. நான் வீட்டுக்குப் போகிறேன்." சொன்னபடி திரும்பிப் போய்விட்டது.

"ஐயோ, என்னாலதான! ஏறுங்கக்கா, நான் கொண்டு விடுதேன்" என்றாள் அந்தப் பெண்.

செண்பகவல்லி ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா பேரு என்னம்மா?" என்று கேட்டாள்.