இருபத்திநாலாம் பாகம்

“ஏனுங்க, ஊட்டுக்குப் போலாம்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க!”

பெண்டாட்டி பிரவீனா உள்ளே வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. பத்தொன்பது நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த தண்டாயுதபாணி எழுந்து உட்கார்ந்தார்.

“எப்பப் போலாமாம்?”

“நாளைக்குக் காலைலயே. பாதி மாத்திரைய நிறுத்தியாச்சுங்க. ஆறு மாசம் நல்லா ரெஸ்ட் எடுத்தாப் போதுமாம்.”

கோழித்தீவன மில்லில் சூப்பர்வைசர் அவர். இருபது வருஷமாகச் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு எடுத்ததில்லை. ஆறு மாசம் என்றதும் அவருக்குச் செங்கோடன் நினைவுதான் வந்தது.

செங்கோடன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை நூல்நிலையம் வைத்திருக்கிறான். ‘குட்டிச்சாத்தான்பட்டி’ என்றால் அவனுக்கு உயிர். பேய்களே எலெக்சனில் நின்று, பேய்களே ஓட்டுப் போட்டு, பேய்களே ரேஷன் கடையில் சண்டை பிடிக்கும் ஒரு ஊரின் கதை. மொத்தம் முப்பத்தெட்டு பாகம்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: “ஒண்ணுல இருந்து.” ஆறாம் பாகத்தை முதலில் கேட்ட பேங்க் மேனேஜரை, “ஏனுங்க சார், ஊட்டுக்குள்ள வாசல் வழியாப் போவீங்களா, ஓட்டைப் பிரிச்சுட்டுப் போவீங்களா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவன். கடைசிப் பாகத்தின் முடிவைக் கடையில் நின்று உளறிய காலேஜ் பெண்ணின் மெம்பர் கார்டைக் கிழித்தே போட்டுவிட்டான்.

தண்டாயுதபாணி போன் போட்டார். “மாப்ள, ஆறு மாசம் சும்மாத்தான் இருக்கப் போறேன். வாரத்துக்கு ரெண்டுன்னு வெச்சாக்கூட முப்பத்தெட்டையும் முடிச்சுப்போடலாம். கொண்டாடா!”

சாயங்காலம் செங்கோடன் வந்தான். வராந்தாவில் பிரவீனாவோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். கையில் ஒரே ஒரு புத்தகம்.

“இந்தா மாப்ள, இருபத்திநாலாம் பாகம். இதுல ஆரம்பி.”

“ஒண்ணு எங்கடா?”

“அட, அதெல்லாம் சப்புன்னு இருக்கும். இதுலதான் பேயெல்லாம் ஆதார் கார்டுக்குப் போட்டோ எடுக்கப் போகும். ஒண்ணுகூட கேமராவுல உழுவாது. சிரிச்சுச் சிரிச்சே வயிறு புண்ணாயிரும் பாத்துக்க.” வழக்கத்தைவிட வேகமாகப் பேசினான்.

“சரி, இதை முடிச்சுட்டு ஒண்ணுக்கு வாரேன்.”

“வேண்டாம் மாப்ள. இதையே நிதானமாப் படி. இதுலயே எல்லாம் இருக்குது.”

“அண்ணன் சொல்றதைக் கேளுங்களேன்,” என்றாள் பிரவீனா, ஆப்பிளை நறுக்கியபடி.

தண்டாயுதபாணி நாலைந்து பக்கத்தைப் புரட்டினார். எழுத்து எதுவும் கண்ணில் ஏறவில்லை.

“ஏன்டா, கடைசில அந்தப் பேய்ங்கள்ல யாருதான் தலைவராகறது?” என்று, சும்மா கேட்பதைப் போலக் கேட்டார்.

திட்டுவான் என்று காத்திருந்தார். போடா நாயே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது அவருக்கு.

செங்கோடன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“கூனிப் பேய்தான் மாப்ள. ஒத்தை ஓட்டுல ஜெயிச்சுரும். தோத்த பேயெல்லாம் சேர்ந்து அதைத் தோள்ல தூக்கிட்டு ஊரைச் சுத்தும். அதுக்கு அப்பத்தான் முதுகு நிமிரும்...” கடைசிப் பக்கத்துக் கடைசி வரி வரைக்கும் நிறுத்தாமல் சொல்லி முடித்தான்.

தண்டாயுதபாணி புத்தகத்தை மூடித் தலையணையோரம் வைத்தார். ஆப்பிள் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது. அவர் பெண்டாட்டியின் பக்கம் திரும்பினார்.

“ஏம்புள்ள, டாக்டர் எத்தனை நாளுன்னு சொன்னாரு?”