நாலாவது பெட்டி

“மூணோட நிறுத்தியிருக்கலாங்கய்யா. நாலாவது வந்ததுல இருந்துதான் இத்தனை சண்டையும்” என்று அலுத்துக்கொண்டாள் அகல்யா.

“வாயக் கழுவு அம்மிணி. மூணு ஆகாது” என்றார் முதலாளி நாச்சிமுத்து.

பேச்சு பிள்ளைகளைப் பற்றியதல்ல. குமாரபாளையத்தில் அவருடைய ஜவுளிக் கம்பெனியின் பில், ஸ்டாக் எல்லாவற்றையும் சேர்ந்து சுமக்கும் சர்வர் பெட்டிகளைப் பற்றியது. மூன்று இருந்தால், எந்தக் கணக்கு சரியென்று அவற்றுக்குள் தகராறு வரும்போது இரண்டு ஒரு பக்கம் சேரும், வேலை நடக்கும். நாலென்றால் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்து முறைத்துக்கொண்டு நிற்கும். மூன்றே போதுமென்று, அவற்றைப் பார்த்துக்கொள்ளும் அகல்யா போட்ட இடத்தில், நாலாவதை வாங்கி இறக்கியவர் அவர்தான்.

அந்த வாரம் தினமும் பில் நின்றது. தினமும் அகல்யா எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அமைத்தாள். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“இன்னொருக்கா நின்னுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேன் அம்மிணி. ஆனா நாலும் இருக்கோணும்.”

வேலை போனால் வீட்டுக் கடனை யார் கட்டுவது? அன்று மாலை நாலாவது பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினாள். பச்சை விளக்கு மட்டும் எரியும்படி விட்டு மூடினாள். மனிதரை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அதன்பின் ஒரு பில்கூட நிற்கவில்லை. நாச்சிமுத்துவுக்கு வாயெல்லாம் பல். தறி மோட்டாரைப் பார்க்கிற பழக்கத்தில், தினமும் வந்து நாலு பெட்டியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“நாலானதும் எப்படி ஓடுது பாத்தியா? எடப்பாடிக் கிளைக்காரனும் பொட்டி கேட்டு உசுர எடுக்கறான்.”

ஞாயிறு விடுமுறைக்கு வெண்ணந்தூர் போன அகல்யா, திங்கள் காலை நிம்மதியாகத் திரும்பி வந்தாள். சர்வர் அறையில் நாலாவது பெட்டி மட்டும் பச்சை விளக்கோடு இருந்தது.

“மத்ததெல்லாம் எங்கீங்கய்யா?”

“அதுக காச்சக்காரனாட்டம் கொதிக்குது அம்மிணி. இது ஒண்ணுதான் எத்தன வேல செஞ்சாலும் சில்லுனு இருக்குது. இங்கத்த வேலைக்கு இதே போதும்னு, அதுகள நேத்தே எடப்பாடிக்கு ஏத்திவுட்டேன்.”

“மூணாவாங்கய்யா அனுப்புனீங்க?”

“மூணா அனுப்புவனா? கூட ஒரு கல்ல வெச்சுத்தான் அனுப்புனேன்!”